தஞ்சோங் பூங்காவில் மலைவீடு வாங்கினோம்: பின்பக்கச் சரிவு யாருடையது?

பினாங்குத் தீவில் சமதரையில் நல்ல தரைவீடு கிடைப்பது குறைந்துவிட்டது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்களின் பார்வை தானாக மேட்டுப்பக்கம் போகிறது, எங்களுக்கும் அப்படித்தான், தீவின் வடகரையில் இருக்கும் தஞ்சோங் பூங்கா வட்டாரத்துக்குப் போனது. கடல் தெரியும், காற்று வரும், கேட்டில் காவலுக்கு ஜாகா இருப்பார் என்று ஏஜென்ட் சொன்னது எல்லாம் உண்மைதான். ஆனால் எந்த வீட்டிலும் அவர் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போகவில்லை, நாங்களாகக் கேட்டுத்தான் போனோம்.

1993 டிசம்பர் 11இல் கோலாலம்பூர் பக்கம் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் மண்சரிவில் சாய்ந்து 48 பேர் இறந்ததை என் வயதுக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. 2017 அக்டோபரில் இதே தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் போனார்கள், அடுத்த மாதமே பினாங்கில் அந்தப் பெருமழை வெள்ளம், மறுவருடம் இதே தீவின் புக்கிட் குக்குஸில் மண்சரிவில் 9 பேர். நாங்கள் மேட்டில் வீடு பார்க்கிறோம் என்று தெரிந்ததும் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் மாமியார் போன் போட்டு, "ஏன் மாப்பிள்ளை, கீழேயே ஒரு கொண்டோ வாங்கக் கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, பதில் சொல்ல எனக்குத்தான் நேரம் பிடித்தது.

முதலில் எங்களுக்குப் பிடித்தது ஒரு பழைய பங்களா. தனி கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்), ஃபிரீஹோல்ட் (காலக்கெடு இல்லாத உரிமை), பெரிய தோட்டம், பராமரிப்புக் கட்டணம் என்று மாதாமாதம் எதுவும் கிடையாது. பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்குத் தடுப்புச் சுவர். அந்தச் சுவர் யாருடையது என்று கேட்டால் விற்பவருக்கே தெரியவில்லை. லாயர் நில அலுவலகத்தில் தேடி, சர்வே பிளானையும் வைத்துப் பார்த்தபோது சுவரில் பாதி இந்த மனையிலும் பாதி மேலே இருக்கும் வேறொருவர் நிலத்திலும் நின்றது. மேலே இருக்கும் அந்த நிலமோ காடாகக் கிடக்கிறது. சுவர் வெடித்தால் யார் கட்டுவது? மேலே உள்ள வடிகால் அடைத்தால் யார் போய்த் தூர்வாருவது? ஹைலண்ட் டவர்ஸில் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த சரிவும் வேறு ஆட்களின் நிலம்தான், அங்கே நீர் வடியும் ஏற்பாடு ஒழுங்காக இல்லாததும் ஒரு பெரிய காரணம். அங்கே குடியிருந்தவர்கள் போட்ட வழக்கு 2006 வரை கூட்டரசு நீதிமன்றம் போய், கடைசியில் நகராண்மைக் கழகத்தின் மேல் பொறுப்பில்லை என்று முடிந்தது. இதைப் படித்த பிறகு அந்தத் தோட்டத்தின் மேல் இருந்த ஆசை போய்விட்டது. என் மனைவிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு, அங்கே ஒரு நல்ல மாமரம் இருந்தது.

அடுத்துப் பார்த்தது ஸ்ட்ராட்டா கிராண்ட் (வீடு நம் பெயரில், சுற்றியுள்ள இடம் எல்லாருக்கும் பொது) உள்ள ஒரு குடியிருப்பில் செமி-டி, அதாவது ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடு. சரிவு, தடுப்புச் சுவர், வடிகால் எல்லாம் பொதுச் சொத்து, மானேஜ்மென்ட் பொறுப்பு. சரி, காகிதத்தில் பொறுப்பு, நிஜத்தில் பார்க்கிறார்களா? விற்பவரிடம் கடந்த சில ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) அறிக்கைகளையும் சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுகளுக்குச் சேர்த்து வைக்கும் பொது நிதி) கணக்கையும் கேட்டு வாங்கினோம். சரிவைப் பார்வையிட்ட பொறியாளர் அறிக்கை ஒன்று அதில் இருந்தது, நீச்சல் குளத்து ஓடு மாற்றச் செலவழித்ததைவிடச் சரிவுக்கு அதிகம் செலவழித்திருந்தார்கள். எனக்கு அங்கேயே பாதி மனம் வந்துவிட்டது.

இருந்தாலும் மண்ணியல் தெரிந்த பொறியாளர் ஒருவரைத் தனியாகக் கட்டணம் கொடுத்துக் கூட்டிப்போனோம், அதுவும் வேண்டுமென்றே நல்ல மழை நாளில். பினாங்கு மலை கருங்கல் மலைதானே, உறுதியாகத்தானே இருக்கும் என்று கேட்டேன். மேலே இருப்பது மக்கி மண்ணாகிப் போன கருங்கல், தண்ணீர் ஊறினால் பிடிமானம் போய்விடும் என்றார். தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகளைக் காட்டினார்: அவ்வளவு மழையிலும் துளை காய்ந்திருந்தால் உள்ளே அடைத்திருக்கலாம், கலங்கலாக வந்தால் மண்ணும் சேர்ந்து வெளியேறுகிறது, தெளிவாக வடிந்தால் பெரும்பாலும் கவலையில்லை. இங்கே தெளிவாக வந்தது. சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, சரிவில் படிப்படியாகப் போகும் வடிகால்களில் வெடிப்பும் புல்லும் இருக்கிறதா என்று அவர் பார்த்து முடிக்கும்வரை ஏஜென்ட் காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

பணக் கணக்கு இதற்குப் பிறகுதான். விலை 24 லட்சம் வெள்ளி (ரிங்கிட்). 3 விழுக்காடு கொடுத்து உறுதி செய்து, ஒப்பந்தம் போடும்போது 7 விழுக்காடு, மீதிக்கு மூன்று மாதம், தாண்டினால் வட்டியோடு இன்னொரு மாதம். வழக்கமான ஏற்பாடுதான். பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 1 லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த 4 லட்சத்துக்கு 2, அடுத்த 5 லட்சத்துக்கு 3, 10 லட்சத்துக்கு மேல் 4 என்று ஏறுகிறது, ஆக எங்களுக்கு 80,000 வெள்ளி. கடன் ஒப்பந்தத்துக்கு அரை விழுக்காடு தனி, லாயர் கட்டணம் தனி. பேங்க் மதிப்பீடு விலையைவிடக் குறைவாக வந்தது, அந்த வித்தியாசத்துக்கு லோன் கிடையாது, கையிலிருந்துதான் போட வேண்டியிருந்தது. இந்த மாதிரி வீடுகளில் இது அடிக்கடி நடக்கும் என்று பேங்க் அதிகாரி சாவகாசமாகச் சொன்னார், கையெழுத்துப் போட்ட பிறகு.

இன்சூரன்ஸில் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண வீட்டு உரிமையாளர் பாலிசியில் மண்சரிவு சேராது, கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும். ஸ்ட்ராட்டா என்றால் கட்டடத்துக்கு மானேஜ்மென்ட் எடுத்த பாலிசியில் அது இருக்கிறதா என்று நகலை வாங்கிப் படியுங்கள், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். எங்கள் இடத்தில் இருந்தது, உள்ளே இருக்கும் சாமான்களுக்கு நாங்கள் தனியாக எடுத்தோம்.

குடிவந்த பிறகு உள்ள தொல்லைகள் வேறு ரகம். அலமாரியில் துணி பூஞ்சணம் பிடிக்கிறது, மேல்மாடியில் தண்ணீர் வேகம் போதாமல் பம்ப் போட்டோம், சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு வந்து வாழைப்பழத்தைச் சீப்போடு எடுத்துப் போகிறது. மாமியார் வந்து பார்த்துவிட்டுக் காற்று நல்லாத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார், ஆனால் மழை என்றால் இரவு தங்க மாட்டார். அடுத்த ஏஜிஎம்மில் சிங்கிங் ஃபண்டை உயர்த்தும் தீர்மானம் வருகிறது. ஏற்கனவே கட்டணம் அதிகம் என்று வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கியாயிற்று, நான் உயர்த்தச் சொல்லித்தான் கைதூக்குவேன்.