அடுப்புக் கட்டையும் ஐந்நூறு வெள்ளியும்

எங்கள் வீட்டுக்கு ஏற்ற அலங்காரப் பாணி எது என்பதை என் மகள் கைப்பேசியில் பன்னிரண்டு கேள்விகளுக்கு விடையளித்துக் கண்டுபிடித்தாள். பிடித்த நிறம் எது, விடுமுறைக்கு எங்கே போக விருப்பம், காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்ட அந்தத் தேர்வு, இறுதியில் எங்களுடையது 'கடலோரப் பாணி' என்று தீர்ப்பளித்தது. சிப்பி, சங்கு, படகுத் துடுப்பு, வெளிர்நீலத் திரைச்சீலை ஆகியவற்றால் கூடத்தை நிரப்பும்படி ஆலோசனையும் வழங்கியது. நாங்கள் வசிப்பதோ மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் செம்பனை, மிச்சமிருக்கும் கித்தா எனும் ரப்பர்க் காடு, அவற்றுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்றுகள். கடலைப் பார்க்க வேண்டுமானால் லூமுட் பக்கம் கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். 'சிப்புட்' என்றால் மலாய் மொழியில் நத்தை; ஊர்ப் பெயரில் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த ஒரு நத்தையைத் தவிர ஓட்டுடைய உயிரினங்களோடு எங்களுக்கு எந்தச் சகவாசமும் கிடையாது.

ஆனால் தீபாவளிக்கு ஆறே வாரங்கள் இருந்தன. கோலாலம்பூரிலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். போன ஆண்டு அவளுடைய அடுக்குமாடி வீட்டில், எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத வெளிச்சத்தையும், உட்கார்ந்தால் அழுக்காகிவிடுமோ என்று நான் நின்றுகொண்டே காப்பி குடித்த சாம்பல்நிற நாற்காலிகளையும் பார்த்து வந்ததிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. மைலோ டின்னில் சேர்த்து வைத்திருந்த ஐந்நூறு வெள்ளியை எடுத்து மேசைமேல் வைத்து, "இதற்குள் இந்த வீட்டுக்கு ஒரு பாணி வந்தாக வேண்டும்" என்று அறிவித்தேன். என் கணவர் பணத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் லோரி எடுக்கப் போய்விட்டார்.

அப்போது எங்கள் கூடம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மயில்பச்சைச் சுவர், ரோஜா நிறத் திரைச்சீலை, கடையிலிருந்து வந்த நாள்முதல் பிளாஸ்டிக் உறை கழற்றப்படாத சோபா, நிறம் மாறி மாறி மின்னும் சாமி மேடை விளக்கு, போதாக்குறைக்கு ஐந்து காலண்டர்கள். அவற்றில் நான்கைக் கழற்றிவிடலாம். ஐந்தாவது, மளிகைக்கடை முதலாளியான தௌக்கே ஆண்டுதோறும் கொடுக்கும் குதிரைக் காலண்டர். பந்தய நாள்களில் குதிரைப் படம் போட்டு, தேதியை உள்ளங்கை அகலத்துக்கு அச்சடித்திருக்கும். அதுதான் என் அம்மாவின் கணக்குப் புத்தகம். 14 கிலோ கேஸ் தோம்பு எந்த நாளில் மாற்றப்பட்டது, கூட்டுப் பணம் யார் கட்டினார், பக்கத்து வீட்டு அக்கா இரவல் வாங்கிய இட்லிப் பானை என்றைக்குப் போனது என்பதெல்லாம் பென்சிலில் அதிலே பதிவாகியிருக்கும். அதன்மேல் கை வைத்தால் வீட்டு நிர்வாகமே நின்றுபோகும்.

கடலோரம் ஒத்துவராது என்றானபின் நான் தேர்ந்தெடுத்தது ஸ்காண்டிநேவியப் பாணி. படங்களில் எல்லாமே வெள்ளையாக, வெளிர் மரமாக, ஒரு மனிதரும் இல்லாமல் அமைதியாக இருந்தன. சாமான்கள் குறைவாக இருப்பதால் செலவும் குறையும் என்பது என் கணக்கு. சுவருக்கு 60 பங்கு ஒரு நிறம், இருக்கைக்கும் திரைக்கும் 30 பங்கு இன்னொன்று, சில்லறைப் பொருள்களுக்கு 10 பங்கு மூன்றாவது நிறம் என்று அலங்காரக் கலைஞர்கள் ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள் என்பதையும் படித்துவைத்தேன். ஐந்து லிட்டர் வெள்ளைச் சாயம் இரண்டு வாளி, 130 வெள்ளி. ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரும் என்று வாளியில் எழுதியிருந்ததை நம்பி, ஒரே வாளியில் வேலையை முடித்துவிட்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மயில்பச்சை அவ்வளவு எளிதில் சாகாது. முதல் பூச்சுக்குப் பிறகு சுவர் முழுவதும் நீர்மோரில் கறிவேப்பிலையை அரைத்துக் கலந்த நிறத்துக்கு வந்து நின்றது. இரண்டாவது பூச்சும் முடிந்து, பாசார் மாலம் என்னும் இரவுச் சந்தையில் 40 வெள்ளிக்கு வாங்கிய வெள்ளைத் திரைச்சீலையையும் மாட்டி, சோபாவைத் துடைப்பதற்காக வெளியே தூக்கிப் போட்டிருந்த மாலையில்தான் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை, நாற்காலி ஒன்றுகூட இல்லாத காலிக் கூடம், நடுவில் தரையில் உட்கார்ந்திருந்த என் அம்மா. அக்காவின் முகம் மாறியது, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எப்ப ஆச்சும்மா? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?" என்று கேட்டார்.

பிறகு யோசித்தபோது ஒன்று விளங்கியது. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதத்தில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் அறைக்குள் சிதறவிடத்தான் அவர்கள் வெள்ளையடிக்கிறார்கள். நாமோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் காய்கிறவர்கள். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. மாலை நான்கு மணிக்கு அந்த வெள்ளைச் சுவரைக் கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. என் கணவர் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார். அது கேலிதான் என்றாலும் முழுவதும் கேலியென்று சொல்லிவிட முடியாது.

வெள்ளையின் உக்கிரத்தைக் குறைக்கத்தான் ஒட்டுச் செங்கல் வந்தது. பார்வைக்குச் செங்கல் சுவர், தொட்டால் பஞ்சு. பின்பக்கத் தாளை உரித்துச் சுவரில் அழுத்தினால் முடிந்தது. பத்துத் தகடு 60 வெள்ளி. தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு பிற்பகல் முழுவதும் கோடு பிடித்து ஒட்டி முடித்து, தள்ளி நின்று பார்த்தபோது, ஏதோ வெளிநாட்டுக் காப்பிக்கடைக்குள் நிற்பதுபோல் எனக்கே பெருமையாக இருந்தது. அன்றிரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் 'தொப்' என்று ஒரு சத்தம். கணவர் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு போனார். நான் அவருக்குப் பின்னால், அம்மா எனக்குப் பின்னால். தரையில் ஒரு தகடு குப்புறக் கிடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது தகடு மேல்மூலையிலிருந்து மெதுவாக, சோம்பல் முறிப்பதைப்போல், உரிந்து தலை குனிந்தது.

அடுத்த நாள் சாயக்கடையில் விசாரித்தேன். புதுச் சாயம் கைக்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும் முழுமையாக இறுக ஏறத்தாழ ஒரு மாதமாகும், அதற்குள் ஒட்டினால் பசை பிடிக்காது, மழைக்காலத்து ஈரமும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம் என்று தௌக்கே விளக்கினார். இதைச் சாயம் விற்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, நான் செங்கல் ஒட்டப்போவதாக அவரிடம் சொல்லவில்லையே என்றார். நியாயம்தான். மீதித் தகடுகள் ஒன்றும் இரண்டுமாக விழுந்தன. அம்மா அதையும் குதிரைக் காலண்டரில் குறித்து வைத்தார்: 'செவ்வாய், 1 கல்', 'வெள்ளி, 2 கல்'. பத்தாவது தகடு மட்டும் இன்றுவரை விழவில்லை. ஏனென்று தெரியாது, நாங்களும் அதைத் தொடுவதில்லை.

கையில் 270 வெள்ளி மீந்திருந்தது. அதில் 180 வெள்ளியைக் கொண்டுபோய் ஈப்போவில் ஒரு பழைய தளவாடக் கடையில் காப்பி மேசை ஒன்று வாங்கினேன். வெளிர் மஞ்சள் நிறம், மெலிந்த சாய்வான கால்கள், மேலே ஒரு கீறலும் இல்லை. "இது நோர்டிக் ஸ்டைல்" என்று கடைப் பையன் சொன்னான். இந்த வீட்டில் பாணி என்று ஒன்று வந்துசேர்ந்திருந்தால் அது இந்த மேசையில்தான் வந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன்.

மேசையை இறக்கியவுடன் அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதலில் மேல்பலகையைத் தடவினார். பிறகு குனிந்து, ஒன்றும் சொல்லாமல், மேசையைக் குப்புறக் கவிழ்த்தார். மெருகு பூசாத அடிப்பக்கத்தில் சின்னச் சின்னப் பழுப்புக் கோடுகள், யாரோ பென்சில் முனையால் கிள்ளிவிட்டதுபோல், வரிவரியாக ஓடின. அவற்றை நகத்தால் கீறிப் பார்த்து, மோந்து பார்த்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது கித்தாக்கட்டைடி" என்றார்.

நான் மறுத்தேன். மகள் கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். மூவாரில் செய்தது, மரம், 'காயு கெத்தா'. அதாவது ரப்பர் மரக் கட்டை.

என் அம்மா 31 ஆண்டுகள் பால் வெட்டியவர். விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாகச் சுற்றி வந்தவர். ஒரு கித்தா மரம் நட்டு ஐந்தாறு ஆண்டில் வெட்டுக்கு வரும், இருபத்தைந்து முப்பது ஆண்டில் பால் வற்றியதும் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சாய்த்த மரம் அந்தக் காலத்தில் நேரே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அடுப்புக்குத்தான் வரும், ஏனென்றால் மாவுச்சத்து நிறைந்த அந்தக் கட்டையை அறுத்துப் போட்டால் சில நாளிலேயே நீலம் பாரிக்கும், பிறகு வண்டு துளைத்து உளுத்துக் கொட்டும். மருந்தேற்றி, சூளையில் உலர்த்தி அதைத் தளவாட மரமாக்கும் தொழில் 1980களில்தான் பெரிதாக வளர்ந்தது. இப்போது அது வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது. அந்த நீண்ட பயணத்தில் ஒரு துண்டு, நோர்டிக் என்ற பட்டத்தோடு, என் பணத்தில் எங்கள் வீட்டுக்கே திரும்பியிருக்கிறது.

"நூத்தி எம்பது வெள்ளியா?" என்று அம்மா கேட்டார். "நாங்க இதைத் தலைச்சுமையா சும்மா கொண்டாந்து, வெடிக்குது, புகையுதுன்னு திட்டிக்கிட்டே எரிச்சோம்." அன்று முழுவதும் காப்பிக் கோப்பையை வைக்கும்போதெல்லாம் மேசையைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. ஈப்போ, மூவார் என்று அலைய வேண்டியதே இல்லை, பக்கத்துக் கோலாகங்சாரில் 1877இல் நட்ட மரங்களில் ஒன்று இன்னமும் நிற்கிறதே, அதை வெட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று என் கணவரும் சேர்ந்துகொண்டார்.

மகள்தான் அந்தப் பேச்சிலிருந்து வேறு பாதையில் போனாள். பின்பக்கக் கொட்டகைக்குள் நுழைந்து, லயத்திலிருந்து குடிபெயர்ந்தபோது லோரியில் வந்து அப்படியே அடைபட்டுக் கிடந்த சாக்குகளை இழுத்துப் போட்டாள். நீல விளிம்பிட்ட மங்குத் தட்டுகள், பாட்டியின் தூக்குச்சட்டி, தாத்தா பெட்டிப் பலகையில் அடித்த முக்காலி, பிடி தேய்ந்துபோன ஒரு பால்வெட்டுக் கத்தி, மரத்திலிருந்து வடியும் பாலைப் பிடிக்கும், பழுப்பு மெருகிட்ட ஆறு பால் மங்குகள். ஒரு மங்கின் விளிம்பில் காய்ந்த பால் வளையமாக ஒட்டியிருந்தது. அதை இழுத்தபோது அறுபடாமல் நூலாக நீண்டு, விட்டதும் சுருண்டது. ஆறையும் கழுவி, கம்பி வளையத்தில் பொருத்தி, மணிபிளாண்ட் கொடியைத் தண்ணீரில் நிறுத்தி, வெள்ளைச் சுவரில் ஆணியடித்துச் சாய்வான வரிசையில் மாட்டினாள். முக்காலி மேசைக்குப் பக்கத்தில் வந்தது. தட்டுகள் அலமாரிமேல் ஏறின. இத்தனைக்கும் ஆன செலவு, ஆணிக்கும் கம்பிக்குமாக 12 வெள்ளி.

எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இந்த மங்கைத் தொடைச்சுத் தொடைச்சுத்தான் என் விரல் இப்படிப் போச்சு. இதைக் கொண்டாந்து நடுவீட்டிலே மாட்டுறியா?" என்றார். அந்தக் குரலில் கேலி இல்லை. மகள் ஒரு வார்த்தையும் பேசாமல் முதல் மங்கைக் கழற்றக் கை நீட்டினாள். அம்மா சிறிது நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கழட்டாதே. ஆனா தப்பா மாட்டியிருக்கே" என்றார்.

வெட்டு எப்போதும் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டுமாம். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் கொஞ்சம் திருகிக்கொண்டு போவதால், அந்தச் சாய்வில் வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். மகள் நேர்மாறாக, வலப்பக்கத்தை உயர்த்தி மாட்டியிருந்தாள். "இப்படி வெட்டினா கங்காணி அன்னைக்கே பேரை வெட்டிடுவான்" என்று சொல்லி, ஆறு ஆணியையும் பிடுங்க வைத்து, தன் கையாலேயே சாய்வைக் காட்டி, மறுபடியும் அடிக்க வைத்தார். புதுச் சாயத்தில் ஆறு ஓட்டைகள் விழுந்தன. அவற்றை மறைக்க வேறு இடமில்லாமல் குதிரைக் காலண்டர் கூடத்தின் நடுச் சுவருக்கு வந்து சேர்ந்தது. 60, 30, 10 என்ற விகிதத்தில் அது எந்தப் பங்கில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

தீபாவளியன்று நாத்தனார் வந்தாள். உள்ளே நுழைந்தவள் செருப்பைக்கூட முழுதாகக் கழற்றவில்லை. "அண்ணி, இதை யார் டிசைன் பண்ணிக் கொடுத்தாங்க? எவ்வளவு கேட்டாங்க?" என்று சுவரை நோக்கிக் கைப்பேசியை நீட்டி ஏழெட்டுப் படம் எடுத்தாள். மேசையைத் தடவி நல்ல மரம் என்றாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் முறுக்குத் தட்டை நீட்டினேன். குதிரைக் காலண்டரைப் பார்த்து, இந்தப் பழங்காலத் தோற்றம்தான் இப்போது எல்லா இடத்திலும் எடுபடுகிறது என்றும், கோலாலம்பூரில் இப்படி ஒன்று எங்கே கிடைக்கும் என்றும் கேட்டாள். மளிகைக்கடையில் அரிசி வாங்கினால் கிடைக்கும் என்றார் என் கணவர். கடைசியில், "அத்தை, இந்த மங்கிலே எனக்கு ரெண்டு தர்றீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

நடுவீட்டில் மங்கா என்று கேட்ட அதே அம்மா, ஒன்று பத்து வெள்ளி என்று சொன்னார். நாங்கள் எல்லோரும் திகைத்தோம். நாத்தனார் பேரம் பேசாமல் நான்கை வாங்கிக்கொண்டாள். நாற்பது வெள்ளி மைலோ டின்னுக்குள் போயிற்று. காலண்டரில் '4 மங்கு, கே.எல்.' என்று பதிவாயிற்று. காலியான ஆணிகளில் ஒன்றில் வீட்டுச் சாவியும் ஒன்றில் அம்மாவின் குடையும் தொங்குகின்றன. மற்ற இரண்டில் மகள் மங்குத் தட்டுகளை மாட்டப் பார்க்கிறாள். தட்டில் துளை போட அம்மா விடவில்லை.

போன வாரம் நாத்தனார் தொலைபேசியில் அழைத்தாள். மங்குகளை மாட்டிவிட்டதாகவும், அதே சுவர், அதே கொடி, எல்லாம் அதே மாதிரிதான், ஆனாலும் எங்கள் வீட்டில் பார்த்ததுபோல் இல்லை, என்னவோ குறைகிறது என்றும் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"எந்தப் பக்கம் மேலே இருக்கு தாயி?"