தங்கச்சி நிக்காஹ்வுக்கு நான்தான் மேக்கப்

"லாத்தா, பாகிஸ்தான் கல்யாணப் பொண்ணு மாதிரி எனக்கும் ஜூமர் வச்சு விடு" என்றாள் தங்கச்சி. ஜூமர் என்பது தலையின் ஒரு பக்கமாகத் தொங்கும் நகை. பாகிஸ்தானில் மெஹந்திக்கு மஞ்சள், மாப்பிள்ளை ஊர்வலம் வரும் பாராத்துக்குச் சிவப்பு, கல்யாண விருந்தான வலீமாவுக்கு வெளிர் நிறம் என்று நாளுக்கொரு அலங்காரம். எங்கள் வீட்டில் எல்லாம் ஒரே நாளில், சிவப்பே போதும்.

நாகூர்க் கடல்காற்றில் கனத்த ஃபவுண்டேஷன் நிற்காது. போன வாரம் மெல்லிசாகப் பூசி, வாசல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். கழுத்தும் முகமும் ஒரே நிறம்! மருதாணி 2 நாள் முன்பே வைக்கணும்; ஆரஞ்சு நிறம் அதற்குள் நன்றாகக் கருஞ்சிவப்பாகிவிடும். கறுப்பு மருதாணி மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் கலக்கும் பிபிடி என்ற சாய ரசாயனம் தோலைக் கொப்புளிக்க வைக்கும்.

தங்கச்சி அஸர், அதாவது மாலை நேரத் தொழுகை, தொழுதுவிட்டு வரட்டும், பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவேன். ஜூமர் இடப்பக்கம், வகிடு ஓரத்தில் 2 ஹேர்பின். மல்லிகைச் சரத்தை உம்மா வைக்கட்டும்.