வலது கால், ஆடி மாதம்

ஜூலை 18, 2024
அப்பாவின் கால் புண் 3.2 × 2.4 செ.மீ. போன வாரமும் இதேதான்.

ஜூலை 19
டாக்டர் ஒரு நைலான் இழையை அப்பாவின் உள்ளங்காலில் வைத்து வைத்து அழுத்தினார். "தெரியுதாங்கய்யா?" அப்பா கூரையைப் பார்த்தபடி, "இன்னும் வைக்கலீங்களே" என்றார். அதற்குள் ஆறு இடம் முடிந்திருந்தது. தடவிப் பார்த்தே நூல் எண்பதா நூறா என்று சொல்கிற மனுஷன். வெளியே வந்ததும் தட்டுவடை செட் கேட்டார். வாங்கித் தரவில்லை என்று அம்மாப்பேட்டை வரை பேசவில்லை.

ஜூலை 22
தூக்கமில்லை. புண் ஆற வழி உண்டா என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். தொட்டாலே தோல் கொப்பளித்து உரியும் பிறவி நோய் ஒன்று. தோலின் அடுக்குகளைப் பிடித்து வைக்கும் புரதமான ஏழாம் வகைக் கொலாஜனுக்கான ஜீன் பழுது. அந்த ஜீனின் நல்ல நகலைப் பெருக முடியாத ஹெர்ப்பீஸ் வைரஸில் ஏற்றி, ஜெல்லாகப் புண்மேல் சொட்டுச் சொட்டாக விடுகிறார்களாம், வாரம் ஒருமுறை. அமெரிக்காவில் 2023-இல் அனுமதி. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அப்பாவுக்கு அந்த ஜீனில் ஒரு குறையும் இல்லை. சர்க்கரைதான்.

ஜூலை 23
கட்டு மாற்றினேன். வாடை இல்லை.

ஜூலை 26
ஜப்பானில் ஒரு ஜீனைக் கால் தசையில் ஊசியாகப் போட்டுப் புது ரத்தக் குழாய் வளர்க்கப் பார்த்தார்கள். ரத்தம் போகாத காலில் வரும் புண்ணுக்கு. 2019-இல் நிபந்தனையோடு அனுமதி. அப்புறம் நடந்த ஆய்வில் பழைய பலன் திரும்பக் கிடைக்கவில்லை. போன மாதம் கம்பெனியே பின்வாங்கிவிட்டது. நான் ஒரு மாதம் தாமதமாக ஆசைப்பட்டிருக்கிறேன்.
டாக்டரிடம் சொன்னேன். "அப்பாவுக்கு நாடி நல்லா இருக்கும்மா. ரத்தம் போகுது. மிதிக்கிறதை நிறுத்துங்க, அது போதும்."

ஜூலை 30
மேட்டூர் 120 அடி. புண் 3.2.

ஆகஸ்ட் 1
முன்பாதம் தரையில் படாத செருப்பு வந்தது. "கொக்கு மாதிரி நடக்கச் சொல்றியா கண்ணு?"

ஆகஸ்ட் 2
மதியம் கண் அயர்ந்தேன். தறிச் சத்தத்தில் விழித்தேன். குழியில் இறங்கி உட்கார்ந்து, அதே காலால் மிதியை அழுத்திக்கொண்டிருந்தார். செருப்பு குழி ஓரத்தில் ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. கத்தினேன். "வலிக்கவே இல்லையே சாமி" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வது போல.
கட்டு முழுக்க ஈரம்.

ஆகஸ்ட் 3
ஆடிப்பதினெட்டு. நாங்கள் எங்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 6
3.0 × 2.4. ஸ்கேலைச் சாய்த்து வைத்தேனோ என்னவோ. மறுபடி அளக்கவில்லை.