எஃகு வால் சக்கரம் வைத்த ஜெட்

சோவியத் ஜெட் என்றதும் எல்லோரும் நேரே மிக்-15-க்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கோ அதற்கு முந்திய யாக்-15 மேல்தான் பிரியம். அதன் பிளாஸ்டிக் மாடல் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு) என் மேசையில் அரைகுறையாக நிற்கிறது. பார்த்த நண்பன், "இதென்னடா, தொந்தி போட்ட விமானம்?" என்றான். தொந்திதான், மறுக்க முடியாது. ஆனால் காரணமில்லாமல் வந்த தொந்தி இல்லை.

1945-இல் செம்படையின் கையில் ஜெர்மானியரின் யூமோ 004 ஜெட் எஞ்சின்கள் சிக்கின. சொந்த எஞ்சின் எதுவும் தயாராக இல்லை. யாக் விமானங்களை வடிவமைத்த யாக்கொவ்லேவின் குழு புது விமானம் வரைய உட்காரவில்லை. போரில் பேர் வாங்கிய யாக்-3-ஐயே எடுத்துக்கொண்டது. மூக்கிலிருந்த பிஸ்டன் எஞ்சினையும் புரொப்பல்லரையும் கழற்றிவிட்டு, அங்கே ஜெட்டைச் சற்றுச் சாய்த்துப் பொருத்தினார்கள். தொந்தி வந்தது இதனால்தான். இறக்கையின் முன் உத்தரம் எஞ்சினுக்கு இடைஞ்சலாக வந்தது. அதை எஞ்சினுக்கு மேலே வில் போல வளைத்துக் கொண்டுபோனார்கள். சூடான வாயு வெளியேறும் வாய் விமானியின் காலடிப் பக்கம்!

அந்த ஆண்டுக் கடைசியில் தரையில் ஓட்டிப் பார்த்தபோது வாயு உடலின் அடித்தகட்டைச் சுட்டது. வால் சக்கரத்து ரப்பர் டயரும் தாங்கவில்லை. அடியில் எஃகுக் கவசம் போட்டார்கள். வால் சக்கரத்தில் ரப்பரே வேண்டாம், முழுக்க எஃகாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். இந்தத் தீர்வின் முரட்டுத்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாடல் கட்டுகிறவர்களில் பலர் பழக்கதோஷத்தில் அதற்குக் கறுப்பு அடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து உலோக நிறம் அடியுங்கள்.

1946 ஏப்ரல் 24 அன்று யாக்-15-உம் அதன் போட்டியாளரான மிக்-9-உம் முதன்முதலாகப் பறந்தன. யார் முதலில் என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ஜெயித்தது மிக் தரப்பு. அலெக்சி கிரின்சிக் முதலில் கிளம்பினார், பிறகு யாக்கில் மிகயீல் இவானோவ். கிரின்சிக் அதே ஆண்டு ஜூலையில், அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்த பறப்பில் விழுந்து இறந்தார்.

ஆகஸ்டில் மாஸ்கோவின் துஷினோ விமானக் காட்சியில் இரண்டும் பறந்தன. நவம்பர் 7 புரட்சி நாள் அணிவகுப்புக்கு ஒவ்வொன்றிலும் 15 வேண்டும் என்று உத்தரவு வந்தது. இருந்த நேரமோ மூன்று மாதத்துக்கும் குறைவு! யாக்கைக் கட்டிய, ஜார்ஜியாவின் திபிலிசி நகரத் தொழிற்சாலை எப்படியோ முடித்துக்கொடுத்தது. அன்று வானிலை மோசம். பறப்பு ரத்து.

போர் விமானமாக யாக்-15 சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். வேகம் மணிக்கு 800 கிலோமீட்டரை ஒட்டி. பறக்கும் தூரமோ 510 கிலோமீட்டர்தான். இரண்டு 23 மி.மீ. பீரங்கிகள் இருந்தன. எஞ்சினில் கசியும் எண்ணெய் எரிந்து காக்பிட்டில் புகை சூழும். மிக்-9-இன் வேகமும் ஆயுதமும் இதைவிட மேல். ஆனால் உயரத்தில் சுட்டால் பீரங்கி வாயுவை விழுங்கி எஞ்சின் அணைந்துபோகும் தொல்லை அதற்கு.

நான் யாக்கின் பக்கம் நிற்பதற்குக் காரணம் வேறு. அன்றைய விமானிகள் அத்தனை பேரும் புரொப்பல்லரோடு வளர்ந்தவர்கள். அவர்களை ஜெட்டுக்கு மாற்றுவதுதான் பெரிய வேலை. யாக்-15-இல் ஏறியவருக்குக் காக்பிட் பழக்கப்பட்டது, இறக்கை பழக்கப்பட்டது, தரையில் நிற்கும் விதம்கூடப் பழக்கப்பட்டது. புதிதாகக் கற்க வேண்டியது எஞ்சின் ஒன்றைத்தான். கட்டியது 280. சோவியத் விமானப்படை முறைப்படி சேவையில் சேர்த்த முதல் ஜெட் இதுதான்.

அடுத்து வந்த யாக்-17-இல் மூக்குச் சக்கரம் வந்தது, வால் சக்கரம் போயிற்று. அதன் இரட்டை இருக்கை வடிவம் போலந்து வரை போய், அங்கேயும் விமானிகளுக்கு ஜெட் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது.