பத்மினி காருக்கு சிலிண்டர் போர் பெருசாக்கப் போறீகளா

கீழக்கரைல நம்ம மச்சான் பழைய பிரீமியர் பத்மினி காருக்கு சிசி (இன்ஜின் கொள்ளளவு) ஏத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. மச்சான், கணக்கப் பாருங்க, 1089 சிசி, போர் (சிலிண்டரோட உள்விட்டம்) 68 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 75 மிமீ, நாலு சிலிண்டர், இதுல 1 மிமீ பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாலும் 1122 கிட்டதான் வரும், வெறும் 3 சதவீதம், பாம்பன் பாலத்து எதிர்க்காத்துல அது தெரியவே தெரியாது!! இன்னும் கடைஞ்சா சிலிண்டர் செவரு மெலிஞ்சு சூடு ஏறும், உப்புக்காத்து தின்ன ரேடியேட்டர் நம்மூரு வெயிலுக்குத் தாங்காது. நெசமா ஏத்தணும்னா ஸ்ட்ரோக் கூடுன கிராங்க் (பிஸ்டன ஏத்தி இறக்குற தண்டு) வேணும், அதுக்கேத்த பிஸ்டன் வேணும், செலவு எங்கயோ போயிரும். ஆர்சில இருக்க சிசியும் மாறிடும், வண்டிய மாத்துறதப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவப் படிங்க. தேஞ்சிருந்தா மட்டும் ரீபோர் போட்டு (சிலிண்டரக் கடைஞ்சு), வால்வ் லேப்பிங் பண்ணி (வால்வ் சரியா உக்கார தேய்ச்சு), கார்ப்பரேட்டரையும் டைமிங்கையும் சரியா வைங்க, அந்த இன்ஜின் அருமையான இன்ஜின் மச்சான்.