கைவிடுவதா, விட்டுக்கொடுப்பதா?

'கிவ் அப்' என்னும் ஆங்கிலக் கூட்டுவினைக்கு எதிரே 'கைவிடு' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். புகைப்பழக்கத்தையோ முயற்சியையோ பற்றிப் பேசும்போது அது கச்சிதமாகப் பொருந்தவும் செய்கிறது. கொடுத்தலைக் குறிக்கும் 'கிவ்'வும் மேலே என்னும் 'அப்'பும் சேர்ந்து விடுதலானது எப்படி என்று வியப்பவர்கள், நம் 'கை'யும் 'விடு'வும் சேர்ந்து அதே பொருளைத் தருவதையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால், பேருந்தில் முதியவருக்காக இருக்கையை 'கிவ் அப்' செய்பவர் அதைக் கைவிடுவதில்லை, விட்டுக்கொடுக்கிறார். வாதத்தில் விட்டுக்கொடுத்தாலோ ஆங்கிலத்தில் அது 'கிவ் இன்' ஆகிவிடும்.

நம்மவர் பெரிதும் தடுமாறுவது சொல்வரிசையில்தான். பெயர்ச்சொல்லை 'கிவ் அப்'பின் இறுதியிலும் வைக்கலாம், அவ்விரு சொற்களின் இடையிலும் வைக்கலாம். 'இட்' போன்ற பிரதிப்பெயரோ இடையில்தான் நிற்க வேண்டும். வசதியுள்ளவர்கள் சமையல் எரிவாயு மானியத்தைத் தாமாகத் துறக்குமாறு இந்திய அரசு 2015-இல் தொடங்கிய இயக்கத்துக்கு 'கிவ் இட் அப்' என்று பெயரிடப்பட்டதும் இவ்விதிப்படியே. 'கிவ் அப் இட்' என்பது பிழை. தொடர்ந்து வினை வந்தால் 'கிவ் அப் ஸ்மோக்கிங்' என்பதே முறை, 'டு ஸ்மோக்' அன்று.

அதே 'கிவ் இட் அப்' உடன் 'ஃபார்' சேர்த்து மேடையில் அறிவிப்பாளர் ஒரு கலைஞரின் பெயரைச் சொன்னால், நாம் எதையும் துறக்க வேண்டியதில்லை. அந்தக் கலைஞருக்குக் கைதட்டினால் போதும்.