கண் தெரியும் வரை

டிசம்பர் 9
தண்ணீர் காலை 9 டிகிரி, மதியம் 11. சராசரி 10 என்று கணக்கில் ஏற்றியாச்சு. இப்படி நாள்தோறும் டிகிரியைக் கூட்டிக்கொண்டே போனால்தான் முட்டையின் வளர்ச்சி தெரியும்.
சினை ட்ரவுட் மீன் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு கிலோ இருக்கும். ஆண் மூன்று. வயிறு, வால் எல்லாம் துணியால் ஒற்றிய பிறகே முட்டையையும் விந்தையும் சட்டியில் பிதுக்கினோம். சட்டியில் தண்ணீர் சொட்டினால் விந்து அப்போதே துடிக்கத் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும், முட்டையின் துளையும் அடைத்துக்கொள்ளும். கோழி இறகால் கலக்கி, அப்புறம்தான் தண்ணீர். ஒரு மணி நேரம் ஊறி விறைத்ததும் தட்டில், ஒற்றை அடுக்காக. ஏறக்குறைய 3,000.

டிசம்பர் 11
இனி முட்டைக்குள் கருவின் கண் தெரியும் வரை தட்டை யாரும் தொடக் கூடாது. மூடியைத் திறந்து வைக்கவும் கூடாது. வெயில் முட்டையைக் கொன்றுவிடும்.

டிசம்பர் 12
9.5.

டிசம்பர் 14
ராத்திரி முழுக்க மழை. ஓடை செம்மண் நிறம். வேறு எது வந்தாலும் தாங்கலாம், இந்த வண்டலைத் தாங்க முடியாது. முட்டை ஓட்டின் வழியாகத்தான் மூச்சு. மேலே மண் படிந்தால் உள்ளே இருப்பது திணறிச் சாகும். கழுவலாம் என்றால் இந்த வயதில் ஒரு அசைவே போதும், கரு கலைந்துவிடும். வாய்க்கால் மதகைக் குறைத்தால் மண் குறையும், கூடவே காற்றும் குறையும். ஆகவே மதகில் கை வைக்கவில்லை. கூழாங்கல் தொட்டிக்கு முன்னால் துணி கட்டி, அரை மணிக்கு ஒரு தரம் மாற்றினோம். துணியில் பாதி சீகை இலை. 1907-இல் மீன் வளர்ப்பு நிபுணர் வில்சன் நீலகிரி அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகம் வைத்தபோதும் மழை இப்படித்தான் பெய்திருக்கும்.

டிசம்பர் 15
மாலை நாலு மணிக்குத் தெளிந்தது. கீழ்த் தட்டில் மெல்லிய தூசிப் படலம். வெள்ளையாகிவிட்டவை 11. எடுக்க முடியாது, பார்க்க மட்டும்தான்.

டிசம்பர் 16
ஓடை வெளிர் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. கலங்கல் வடியும் இந்த இரண்டு நாளில், பாறைக்குக் கீழே ஆழக் குழியில் மண்புழு போட்டால் ட்ரவுட் நிச்சயம் எடுக்கும். ஆனால் இது சினைக்காலம். தூண்டிலை விடுங்கள், சரளைக்கல் மேட்டில் கால் வைப்பதே பாவம். அதற்கடியில்தான் முட்டை புதைந்திருக்கும்.

டிசம்பர் 18
உறைபனி. புல் முழுக்க உப்புத் தூவியதுபோல். தண்ணீர் காலையில் 7.5. நேற்று வரை டிகிரியைக் கூட்டினால் 89.5. கண் தெரிய 160 வேண்டும். குளிர் நல்லதுதான், நாள்தான் நீள்கிறது.

டிசம்பர் 21
ஒரு வெள்ளை முட்டையில் பஞ்சுபோலப் பூஞ்சை. செத்ததில் தொடங்கி பக்கத்து உயிர் முட்டையைச் சுற்றிப் பின்னும். 600 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஃபார்மலின் என்ற பூஞ்சைக்கொல்லி, 15 நிமிடம், ஓடும் தண்ணீரோடு. பஞ்சு சுருங்கியது. வண்டல் படிந்த அதே மூலை.

டிசம்பர் 23
9. மழை இல்லை.

டிசம்பர் 26
கணக்கு 168.5. டார்ச்சைத் துணியால் மூடி, சாய்த்துப் பார்த்தோம். இளஞ்சிவப்பு முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளி. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். கண்!

டிசம்பர் 27
இனி அசைக்கலாம். ரப்பர் குழாயால் உறிஞ்சி ஒரு அடி உயரத்திலிருந்து வாளியில் விட்டோம். கரு பிடிக்காதவை இந்த அதிர்ச்சியில் வெளுத்துவிடும்.

டிசம்பர் 28
வெளுத்தவை 412. இடுக்கியால் ஒவ்வொன்றாக. அதிகம் அந்த மூலையில்.

ஜனவரி 3
மேகம். துணி தயாராக இருக்கிறது.

ஜனவரி 9
கணக்கு 300-ஐ நெருங்குகிறது. ஃபார்மலின் நிறுத்தியாச்சு, பொரிக்கும் வேளையில் அது ஆகாது. முட்டைக்குள் கண் புரள்கிறது.

ஜனவரி 11
காலை ஆறரை. தட்டின் ஓரத்தில் நுரை. பொரிக்கத் தொடங்கிவிட்டது.